வாளியும் வரைபடமும்

சென்னையில் சுற்றுச்சூழலுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று உங்களுக்கு ஆசை வந்துவிட்டால் உடனே கைக்கு வருவது ஒரு ஜோடி கையுறை. கூடவே ஒரு சாக்குப்பை, கம்பெனி பெயர் போட்ட ஒரு டீ-ஷர்ட். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எலியட்ஸ் கடற்கரைக்கோ திருவான்மியூருக்கோ போனால் போதும். ஒன்றரை மணி நேரம் குனிந்து பொறுக்கலாம். கடைசியில் சேர்ந்த குப்பையை எடை போட்டு, பேனர் பிடித்துப் போட்டோ எடுத்து, பக்கத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பலாம். செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை சர்வதேசக் கடற்கரைத் தூய்மை நாள் என்பதால் அன்றைக்குக் கூட்டம் இன்னும் கூடும்.

பொறுக்குகிறவர்களைக் கிண்டல் செய்ய நான் இதை எழுதவில்லை. அதிகாலையில் எழுந்து அடுத்தவர் எச்சில் கப்பை எடுப்பதற்கு ஒரு மனசு வேண்டும். என் சண்டை வேறு இடத்தில். இந்த நகரம் தன் மக்கள் கையில் வாளியைக் கொடுக்கிறது. வரைபடத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. சென்னையின் சூழல் முயற்சிகள் என்று நாம் கொண்டாடுவதில் முக்கால்வாசி வாளி வேலை. நகரம் மூழ்குவதும் பிழைப்பதும் வரைபடத்தில் தீர்மானமாகிறது. வாளி வேலையை எவ்வளவு செய்தாலும் யாருக்கும் கோபம் வராது. வரைபடத்தைத் தொட்டால் வரும். எது நிஜமான வேலை என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

முதலில் அந்தச் சாக்குப்பையின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். கடற்கரையில் பொறுக்கிய குப்பை எங்கே போகிறது? தென்சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகப் போய்ச் சேர்ந்த இடம் பெருங்குடி கிடங்கு. பெருங்குடி கிடங்கு எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள். சதுப்பு நிலத்தின் தண்ணீர் எங்கே போகிறது? ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு, அங்கிருந்து கோவளம் முகத்துவாரத்துக்கு, அப்புறம் கடலுக்கு. அதாவது கடலோரத்தில் எடுத்ததை, கடலுக்குத் தண்ணீர் அனுப்பும் ஒரு சதுப்பு நிலத்தின் நடுவில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறோம். பெருங்குடியில் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் வேலை இப்போது நடக்கிறது. நல்ல வேலை, பாராட்ட வேண்டியது. ஆனால் ஊரின் கடற்பஞ்சு மாதிரி இருந்த ஒரு நிலத்தை முதலில் குப்பை கொட்டத் தேர்ந்தெடுத்தது யார், எந்தத் தாளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்ற கேள்வியை அந்த வேலை மூடிவிடக் கூடாது.

அந்தத் தாளில் சதுப்பு நிலம் ‘பயனற்ற நிலம்’ என்று இருந்தது. கழுவெளி என்று நம் ஆட்கள் பெயர் வைத்து, இறால் பிடித்து, மாடு மேய்த்து, கோரை அறுத்துப் புழங்கிய இடம். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து வடிந்து வரும் மழைநீரை வாங்கி வைத்திருந்து மெல்லக் கடலுக்கு அனுப்பும் இடம். வரி வசூலிக்க அங்கே எதுவும் இல்லை என்பதால் வருவாய்த்துறைக் கண்ணுக்கு அது வெறும் பொட்டல். 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு, இன்றைக்குத் துண்டு துண்டாகக் கிடக்கிறது. 2007ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022ல் சுமார் 1,248 ஹெக்டேருக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. மீதி எங்கே என்றால், வேளச்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் ராஜீவ் காந்தி சாலையின் இருபுறமும் தேடுங்கள். தனியார் மட்டும் கட்டவில்லை. கடல் தொழில்நுட்பத்துக்கும் காற்றாலை ஆற்றலுக்கும் மத்திய அரசு வைத்திருக்கும் ஆய்வு நிறுவனங்களே பள்ளிக்கரணையில்தான் இருக்கின்றன. பறக்கும் ரயிலும் அந்தப் பக்கம் வந்தது. அரசாங்கமே முதலில் காலை வைத்துக் காட்டியது. பில்டர் பின்னால் வந்தார்.

இது புதுப் பழக்கமும் இல்லை. தி.நகர் 1920களில் மாம்பலம் ஏரியின் மேல் எழுந்தது. வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் நிற்கிறது. ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: வேளச்சேரி, பழவந்தாங்கல், பள்ளிக்கரணை. ‘தாங்கல்’ என்றால் தண்ணீர் தங்கும் இடம் என்பது பெயரிலேயே இருக்கிறது. வெள்ளைக்காரன் ஆரம்பித்த கணக்கை நாம் இன்னும் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் நிற்கும் நிலம் காலி நிலம், காலி நிலம் கட்டடம் கட்ட வேண்டிய நிலம்.

ஃபிளாட் வாங்கும்போது நாம் என்னென்ன பார்க்கிறோம்? முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் எடுக்கிறோம். தாய்ப்பத்திரம் கேட்கிறோம். பட்டா யார் பெயரில் இருக்கிறது, பேங்க் லோன் கொடுக்குமா, வாஸ்து சரியா என்று வக்கீலையும் ஜோசியரையும் கேட்கிறோம். தண்ணீர் அங்கே எத்தனை நூற்றாண்டாகக் குடியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் தண்ணீர் தன் பெயருக்குப் பட்டா மாற்றிக்கொள்ளவில்லை. 2015 டிசம்பரில் அது வந்து தன் வீட்டு எண்ணை எல்லோருக்கும் காட்டிவிட்டுப் போனது. படகில் மீட்கப்பட்டவர்களில் ஐடி கம்பெனிக்காரர்களும் இருந்தார்கள். வருஷம் திரும்புவதற்குள் அதே சாலையில் புது விளம்பரப் பலகை: ‘ஏரியைப் பார்த்த வீடுகள்.’

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சர்வர் விழுந்துவிட்டால் முதலில் எப்படியாவது எழுப்பிவிடுவோம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒட்டுப் போட்டு ஓடவிடுவதை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் மறுநாள் காலையில் ஒரு ஆவணம் எழுதியாக வேண்டும்: ஏன் விழுந்தது, அதற்குக் காரணம் என்ன, அந்தக் காரணத்துக்குக் காரணம் என்ன. அதை எழுதாமல் ஒட்டு மட்டும் போட்டுக்கொண்டே இருந்தால் அந்த டீமை யாரும் நம்ப மாட்டார்கள்.

சென்னையின் விழுந்த தேதிகளை அடுக்கிப் பார்த்தால் எல்லாம் ஒற்றைப்படை வருஷங்கள். 2015ல் வெள்ளம். 2017ல் எண்ணூர் கடலில் எண்ணெய். 2019ல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தடவைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர். ஐடி கம்பெனிகள் ‘வீட்டிலிருந்தே வேலை பாருங்க, ஆபீஸ் டாய்லெட்டுக்குத் தண்ணி இல்ல’ என்றன. 2021ல் மறுபடி வெள்ளம். 2023ல் மிக்ஜாம் புயல், வெள்ளம், அதோடு எண்ணெயும். நடுவில் 2016ல் வர்தா வந்து வரிசையைக் கொஞ்சம் கெடுத்தது, அவ்வளவுதான். வெள்ளத்துக்கு நாலு வருஷம் கழித்து வறட்சி, வறட்சிக்கு ரெண்டு வருஷம் கழித்து வெள்ளம் என்றால் அது மழையின் குற்றமாக மட்டும் இருக்க முடியாது. வந்த தண்ணீரை வைத்துக்கொள்ள இடம் இல்லாத ஊர் இரண்டிலும் மாட்டும். 2015 வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று தணிக்கைத் துறையே எழுதிவிட்டது. அறிக்கை வந்தது, ஒரு வாரம் டிவியில் ஓடியது. நிலப் பயன்பாட்டு வரைபடம் அதைப் படித்த மாதிரி தெரியவில்லை.

அதற்குப் பதிலாக நமக்குக் கிடைப்பது இன்னும் பெரிய ஒட்டுகள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் ஓடுகின்றன. பேரூரில் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டருக்கு ஒன்று கட்டுகிறார்கள். தாகத்துக்கு வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் மழையாக வரும் நல்ல தண்ணீரை வேகமாகக் கடலுக்குத் தள்ள ஒரு திட்டம், கடலிலிருந்து உப்புத் தண்ணீரை எடுத்துக் கரண்ட் செலவழித்து நல்ல தண்ணீராக்க இன்னொரு திட்டம் என்று ஒரே ஊரில் ஒரே சமயத்தில் நடப்பதைப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது. கோவளம் வடிநிலத் திட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் மணல்வெளியில், தண்ணீர் தானாக இறங்குகிற இடத்தில், கான்கிரீட் வடிகால் போட வந்தார்கள். ‘இங்க தண்ணியே நிக்காது சார், எதுக்கு இது?’ என்று அங்கே குடியிருப்பவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் தெற்கு. தெற்கில் நாம் மூழ்குகிறோம் என்றாலும் மூழ்கினால் டிவியில் வருகிறோம். வாளியின் உண்மையான கதை வடக்கில் இருக்கிறது.

2017 ஜனவரி நினைவிருக்கிறதா? ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தோம். போராட்டக்காரர்களே குப்பை பொறுக்குகிறார்கள் என்று ஊரே மெச்சியது. அந்தக் கூட்டம் கலைந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கறுப்புக் கூழாகக் கரை ஒதுங்கிய எண்ணெயை எதை வைத்து அள்ளினார்கள்? வாளி. பிளாஸ்டிக் வாளி. மாணவர்களும் மீனவர்களும் தன்னார்வலர்களும் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி அள்ளினார்கள். ராக்கெட் விடுகிற நாடு எண்ணெய் அள்ள வாளி வைத்திருக்கிறது என்று அன்றைக்கு மீம் போட்டுச் சிரித்தோம்.

ஆறு வருஷம் கழிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மணலியிலுள்ள பொதுத்துறைச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வந்ததென்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் என்று வீட்டுச் சுவரிலும் வலையிலும் படகிலும் எண்ணெய். கூழைக்கடாக்கள் கறுத்துப்போய் நின்றன. அள்ளியது யார்? அதே மீனவர்கள். எதை வைத்து? அதே வாளி, மக்கு, டிரம். அந்த மாசக் கடைசியிலேயே, டிசம்பர் 26 இரவு, ஓர் உர ஆலைக்குக் கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் மூச்சு முட்டித் தெருவில் ஓடினார்கள். அதற்கு வாளியும் உதவாது.

இந்த இடத்தில்தான் வரைபடம் மறுபடி வருகிறது. எண்ணூர்க் கழிமுகம் கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம். வெள்ளம் வந்தால் வடசென்னைக்கு இருக்கும் பெரிய வடிகால் அதுதான். அலையாத்தி இருந்த இடம், உப்பளம் இருந்த இடம், இருளர்கள் தண்ணீருக்குள் கையால் துழாவி இறால் பிடிக்கும் இடம். அதைச் சுற்றி அனல்மின் நிலையங்கள், நிலக்கரிக் கிடங்குகள், துறைமுகங்கள் வந்தன. சாம்பல் குழாய்கள் ஒழுகி ஆற்றுப் படுகையே சாம்பல் படுகை ஆனது. இவ்வளவும் எப்படிச் சாத்தியமாயிற்று? கழிமுகத்தைக் காப்பதற்காக 1996ல் ஒப்புதலான வரைபடம் ஒன்று இருக்க, கழிமுகமே சரியாகக் காட்டப்படாத வேறொரு வரைபடம் புழக்கத்தில் இருக்கிறது என்று 2017ல் செயற்பாட்டாளர்கள் ஆவணங்களோடு குற்றம்சாட்டினார்கள். யோசித்துப் பாருங்கள். ஓர் ஆறு கடலில் சேரும் இடத்தை மண் போட்டு மூட எத்தனை லாரி வேண்டும்? தாளில் மூட ஒரு லாரியும் வேண்டாம். தாளில் மூடிய பிறகு லாரி சட்டப்படியே வரும்.

அதே வருஷம் டி.எம். கிருஷ்ணா பாடி வந்த புறம்போக்குப் பாடல் அந்தச் சாம்பலின் மேல் நின்று எடுக்கப்பட்டது. நம்மில் பலர் எண்ணூரை முதன்முதலில் பார்த்ததே அதில்தான். பாட்டை ஷேர் செய்தோம். புறம்போக்கு என்ற சொல் எப்படித் திட்டாக மாறியது என்று பேசிக்கொண்டோம். அதற்கப்பால் அந்தப் புறம்போக்கின் சர்வே எண் என்ன என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்.

இப்போது இரண்டு கரைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெற்கே கோவளத்துக்கு 2021ல் நீலக்கொடிச் சான்றிதழ். மெரினாவின் ஒரு பகுதியிலும் அந்தச் சான்றிதழைக் குறிவைத்து மூங்கில் குடை, சாய்வு நாற்காலி என்று ஏற்பாடுகள். வடக்கே சாம்பல். நீலக்கொடிக் கடற்கரைகளில் கட்டுமானம் செய்ய வசதியாக 2020 ஜனவரியில் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளில் தளர்வும் கொடுத்தார்கள். மணலில் எதையும் கட்டாமல் விடுவதுதான் கடற்கரைப் பாதுகாப்பு என்று நினைத்திருந்த எனக்கு இது புதுப்பாடம்: சூழலைக் காக்கச் சூழல் விதியைத் தளர்த்த வேண்டுமாம். குளிக்க வருகிறவனுக்குச் சுத்தம், பிழைக்க இருக்கிறவனுக்குச் சாம்பல் என்றால் அதற்குப் பெயர் அழகுபடுத்தல். அழகுபடுத்தல் வேண்டாமென்று சொல்லவில்லை, அதைச் சூழலியல் என்ற கணக்கில் எழுதாதீர்கள் என்கிறேன்.

இந்த இடத்துக்கு வரும்போது வழக்கமாக மூன்று கேள்விகள் வரும்.

முதல் கேள்வி: ‘ஒண்ணுமே பண்ணாம இருக்கறதுக்கு இதாவது பண்றாங்களே பாஸ்?’ சரி. ஆனால் இந்த ‘இதாவது’ சும்மா இருப்பதில்லை. அது கேள்வியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மஞ்சப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 முதல் நாளிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம். இரண்டும் நல்லவை. ஆனால் தடையின் அபராதம் பெரும்பாலும் போய் விழுவது பூக்காரம்மா மேலும் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி மேலும்தான். கடற்கரையில் நீங்கள் பொறுக்கும் பொட்டலங்களின் மேல் பெரிய பெரிய கம்பெனிகளின் பெயர் அச்சடித்தே இருக்கிறது. உற்பத்தியாளர்தான் பொறுப்பேற்க வேண்டும் என்று 2016 விதிகளே சொல்கின்றன. பொறுக்கியதை எடை போடுவதற்குப் பதில் அந்தப் பெயர்களை எழுதி எண்ணி வெளியிட்டால் அதே ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு அர்த்தம் வரும். அப்போது டீ-ஷர்ட்டுக்குக் காசு கொடுக்க ஆள் கிடைக்குமா என்றும் பார்த்துவிடலாம்.

இரண்டாவது கேள்வி: ‘நீயும் ஓஎம்ஆர்லதானே குடியிருக்க? நீ பேசலாமா?’ தாராளமாகப் பேசலாம். மாசம் முதல் தேதி தவறாமல் இஎம்ஐ கட்டுகிறவன், நாலு மாடிக்குத் தண்ணீர் லாரியில் ஏற்றுகிறவன், மழை அறிவிப்பு வந்தால் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறவன் பேசாமல் வேறு யார் பேசுவது? வாயை மூட வைக்க இந்தக் கேள்வி ரொம்ப வசதி. 2025 செப்டம்பரில் பள்ளிக்கரணை ராம்சார் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், அறிவியல் ஆய்வு முடியும்வரை புதுக் கட்டட அனுமதி கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு வந்த மாதிரி மெசேஜ் வெள்ளத்தன்றும் வந்ததில்லை. ‘ரீசேல் போச்சு’ என்றார் ஒருவர். ‘யாரோ ரெண்டு ஆக்டிவிஸ்ட் பண்ற வேலை’ என்றார் இன்னொருவர். இவர் கடற்கரைத் தூய்மைப் பணிக்கு எங்களையெல்லாம் அழைத்துப் போகிறவர். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. பையை நிரப்பும்போது அவருக்கு இயற்கை மேல் இருக்கும் அன்பும், எல்லைக்கோடு நகரும்போது வரும் கோபமும் ஒரே ஆளுக்குள் சண்டையில்லாமல் இருக்க முடிகிறதே, அதுதான் நம் வர்க்கத்தின் சூழலியல். பக்கத்து மனையில் இன்னொரு கோபுரம் வந்தால் அவர் வீட்டு பார்க்கிங்கில் இன்னும் ஓர் அடி தண்ணீர் ஏறும் என்பதை அவரிடம் பொறுமையாகச் சொல்ல வேண்டியது என் வேலை. சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது: ‘அப்போ வளர்ச்சி வேண்டாமா? வீடு எங்கே கட்டறது?’ வீடு வேண்டும். உயரம் இருக்கிற இடத்தில் உயரமாகக் கட்டலாம், ரயில் போகிற பக்கம் கட்டலாம். தண்ணீர் போகும் வழியை முதலில் வரைந்துவிட்டு மிச்சத்தில் வீட்டை வரைவதா, வீட்டை வரைந்துவிட்டு மிச்சத்தில் தண்ணீரை ஓடச் சொல்வதா என்பதுதான் தகராறு. இதில் வளர்ச்சிக்கு எதிரி யார் என்று 2019ல் கம்பெனிகளை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னவர்களைக் கேளுங்கள்.

அப்படியானால் நல்ல முயற்சியே இந்த ஊரில் இல்லையா? இருக்கிறது. 1988லிருந்து ஜனவரி வந்தால் இரவில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே மணலில் நடக்கிறார்கள் கடலாமை பாதுகாப்பு மாணவர்கள். பங்குனி ஆமையின் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுவது நாம் எல்லோரும் பார்த்த காட்சி. அதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது, அவர்கள் எண்ணுகிறார்கள். எத்தனை கூடு, எத்தனை முட்டை, எத்தனை செத்த ஆமை என்று வருஷா வருஷம் எழுதி வைக்கிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது ‘வழக்கமா சாகறதுதானே’ என்று யாராலும் தட்டிக்கழிக்க முடியாமல் போனதற்கு இப்படிப்பட்ட நோட்டுப் புத்தகங்கள் ஒரு காரணம். பேச்சு உடனே இழுவைப் படகுகளிடம் போனது. விசைப்படகு கரையிலிருந்து 5 கடல் மைலுக்கு அப்பால் மீன்பிடிக்க வேண்டும் என்ற சட்டத்திடம் போனது. குனிந்து வேலை செய்தவர்கள்தான், ஆனால் அவர்கள் கையில் கணக்கு இருந்தது.

நாமும் அப்படிச் செய்யலாம். அதற்கு இதைவிடச் சரியான சமயம் வராது. சென்னைப் பெருநகரின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008ல் வந்தது. அதன் காலம் 2026ஓடு முடிகிறது. 2026லிருந்து 2046 வரைக்குமான மூன்றாவது பிளானை சிஎம்டிஏ தயாரிக்கிறது. அடுத்த இருபது வருஷத்துக்கு எது ஏரி, எது குடியிருப்பு, எது தொழிற்பேட்டை என்று அதன் வண்ணங்கள் சொல்லும். பருவநிலைச் செயல்திட்டம் என்று 2023ல் மாநகராட்சி ஒன்று வெளியிட்டது. 2050க்குள் நிகர பூஜ்ஜியம் என்கிறது. நல்ல இலக்கு. அந்த இலக்கும் இந்த வண்ணங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டியது யார்? மீனவர் பார்க்கிறார், ஏனென்றால் அவருக்கு வேறு வழியில்லை. நமக்கு ஜிஐஎஸ் தெரியும், லேயர் மேல் லேயர் வைக்கத் தெரியும், பழைய டோப்போ ஷீட்டை இன்றைய சாட்டிலைட் படத்தின் மேல் ஒட்டிப் பார்க்கத் தெரியும். இரண்டு வார இறுதியில் முடிகிற வேலை. அதைப் பேருக்கு ஒரு ஹேக்கத்தான் வைத்து, பீட்சா தின்றுவிட்டுக் கலைந்துபோகாமல், ஆட்சேபணை மனுவாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதற்கு அரசாங்கம் பதில் சொல்லியாக வேண்டும்.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. பள்ளிக்கரணையின் ராம்சார் எல்லையும் அதைப் பாதிக்கும் சுற்றுப்பகுதியும் சர்வே எண்ணோடு எல்லோரும் தரவிறக்கும்படி வெளியாக வேண்டும். எண்ணூர்க் கழிமுகம் எல்லா அரசு வரைபடத்திலும் ஒரே மாதிரி, முழுசாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டட அனுமதியோடும் அந்த மனையில் விழும் தண்ணீர் எந்த வழியாகக் கடலுக்குப் போகும் என்ற ஒரு பக்கம் இணைக்கப்பட வேண்டும். மஞ்சப்பையை மடித்து வைத்துக்கொள்வதைவிட இவை கஷ்டம். எதிர்ப்பு வரும், ரீசேல் என்று நம் குழுவிலிருந்தே வரும்.

அடுத்த ஞாயிறும் கடற்கரைக்குப் போங்கள், வேண்டாமென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பொறுக்கி முடித்ததும் உங்களை அழைத்து வந்த நிறுவனத்தின் ஆளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: ‘நம்ம ஆபீஸ் கட்டியிருக்கிற இடம் பழைய மேப்ல என்னவா இருந்துச்சு சார்?’